முதுவேனிலும் நாமும்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர் எம் முன்னோர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இப்பட்டியலைக் கரும்பலகையில் எழுதாமல் ஓர் ஆண்டைக் கழிப்பதில்லை. நாமும் எழுதுகிறோம். ஆனால் நாம் எழுதும் இடம் ஹட்டன். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள இந்த மலையூரில் ஆனியும் ஆடியும் கதிரவன் முகங்காட்டத் தயங்கும் மாதங்கள். காலையில் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் காலணிகள் மாலை வரை உலர்வதில்லை. கொழுந்தெடுக்கும் தாய்மார் இடுப்பிற் படங்கைச் சுற்றிக்கொண்டு, தலையிற் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மலையேறுகின்றனர். இந்நிலையில், "சேர், ஆனி ஆடி முதுவேனில் என்றால் வெளியே பெய்வது என்ன?" என்று மாணவி ஒருத்தி கேட்பதில் வியப்பில்லை. ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் கேட்கவே செய்கின்றனர்.

இக்கேள்விக்கு எளிய விடையொன்று உண்டு. அந்தப் பட்டியல் கடலுக்கு அப்பாலுள்ள தமிழ் நிலத்தின் வானத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது. இந்த மலையின் வானம் வேறு. பரீட்சைக்காக மனனஞ் செய்துகொள் என்று கூறி மேலே செல்லலாம். பலரும் அவ்வாறே செல்கின்றோம். எனினும் அவ்விடை போதாது என்றே நாம் கருதுகிறோம். முதுவேனிலைக் கண்ணால் கண்டறியாத அந்த மாணவி, இந்த மழைநாட்டில் வந்து பிறந்ததற்கே ஒரு முதுவேனில்தான் காரணம். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டனை இராமநாதபுரத்துக் கரிசலிலிருந்தோ புதுக்கோட்டைச் செம்மண்ணிலிருந்தோ கிளப்பிவிட்டது வறண்ட வானமும், அந்த வானத்தின் கீழ் மனிதர் வகுத்திருந்த ஏற்பாடுமாகும். ஆகவே வெயிலைப் பற்றிப் பேசுவது மலையகத்தாருக்குப் பிறர் கதை பேசுவதாகாது.

முதலில் காற்றைப் பற்றிக் கூறவேண்டும். வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு எம் மலைச்சரிவில் வந்து மோதுகிறது. மேலேறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்க இயலாது, மழையாகக் கொட்டிவிடுகிறது. ஹட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். நீராவி நீராக மாறும்போது வெளிப்படும் வெப்பம் காற்றிலேயே தங்குவதால், ஏறும் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் அரைப் பாகை செல்சியஸ் அளவே குளிர்கிறது. ஆனால் மலைமுகட்டைக் கடந்து மறுபுறம் இறங்கும்போது, ஈரத்தை இழந்த அதே காற்று 100 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் சூடேறுகிறது. ஏறியதும் இறங்கியதும் ஒரே உயரமாயினும் சமவெளியைச் சேரும்போது அது முன்னிருந்ததைவிட வெம்மையும் வறட்சியும் மிக்க காற்றாகிவிடுகிறது. மட்டக்களப்பார் அதனைக் கச்சான் என்பர். வடபுலத்தார் தென்மேற்கிலிருந்து வரும் காற்றைச் சோளகம் என்பர்.

எமக்கு மழையாய் வந்ததுவே அவர்களுக்கு அனலாய்ச் செல்கிறது. ஆடி மாதத்தில் நுவரெலியாவின் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 பாகையைத் தாண்டாது. அதே நாளில், அதே காற்றின் கீழ், திருகோணமலையில் வெப்பமானி 35 பாகையைத் தொட்டு நிற்கும். இடைப்பட்ட ஊவாப் பக்கத்திலோ அந்த வறள்காற்று தேயிலைக் கொழுந்தை வாட்டி, அதற்கு ஒரு தனி மணத்தை ஏற்றுகிறது. ஆடி ஆவணியில் எடுக்கப்படும் ஊவாத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை கிடைப்பது இதனாலாகும். கொழுந்தோடு சேர்ந்து வாடியவளின் கூலி அந்த மணத்தால் ஒரு சதமேனும் உயர்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இவற்றையெல்லாம் நூலறிவாகக் கொண்டிருந்த நாம், ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் வன்னிக்குச் சென்றோம். எம் பெரிய தந்தையார் ஒருவர் வவுனியாவுக்கு அப்பால் உள்ளொடுங்கிய குடியேற்றக் கிராமம் ஒன்றில் வாழ்கிறார். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தில் லயங்கள் தீக்கிரையானபோது, அப்பொழுதுதான் மணமுடித்திருந்த அவர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வடக்கே போனவர். அவரைப் போன்று அவ்வாண்டிலும் அதையடுத்தும் மலையை விட்டிறங்கி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. ஹட்டனில் மழையில் பேருந்தேறிக் கண்டியில் இறங்கி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி வழியாகச் செல்லச் செல்ல, பச்சை மங்கியது. பிறகு மண்ணிறம் மாறியது. தம்புள்ளைக்கு அப்பால் சன்னல் வழியே வந்த காற்று அடுப்பங்கரைக் காற்றாய் இருந்தது. போர்த்து வந்த மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம்.

அங்கே முதுவேனில் எவ்வாறு இருக்கும் என்பதை அறியாத எம் மாணாக்கர்க்காகச் சற்று விரித்துரைப்போம். விடியற்காலை இனியது. ஐந்து மணிக்கு எழுந்தால் மணல் குளிர்ந்து கிடக்கும். கிணற்றடியில் வாளியின் ஓசை கேட்கும். வயலுக்கோ காட்டுக்கோ போகவேண்டியவர் அப்பொழுதே போய்விடுவர். எட்டு மணிக்குள் நிழலுக்கும் வெயிலுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் வேறுபாடு தோன்றிவிடும். பத்துமணிக்கு மேல் காற்று எழும். அந்தக் காற்று மாலை வரை ஓயாது. செம்மண் புழுதியை வாரி வேலியிலும் உலர்த்திய துணியிலும் சோற்றுப் பானையிலும் கொட்டும். வியர்வை உடலிற் படிவதில்லை. சுரந்த அக்கணமே காய்ந்துவிடுவதால், உழைக்கும் மனிதன் தன் உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பதையே அறியான். சட்டையின் முதுகுப்புறத்தில் உப்பு வெண்கோடுகளாய்ப் படிந்திருப்பதைப் பிறர் கண்டு சொன்னால்தான் உண்டு. தலைவலி முதலில் வரும். பின்னர் கால் தசைகள் இழுக்கும். அதையும் பொருட்படுத்தாமல் நின்றால் மயக்கம் வரும்.

நண்பகலில் ஊர் அடங்கிவிடுகிறது. மாடுகள் குளத்தின் நடுவே எஞ்சிய சேற்றுநீரைச் சுற்றி நிற்கின்றன. குளத்தின் மற்றைப் பகுதி, வெடித்த மண்ணாய், ஒருவர் கால்விரல் நுழையுமளவு பிளவுகளோடு கிடக்கிறது. வீரையும் முதிரையும் இலை சுருங்காமல் நிற்கும் காட்டில், பாலை என்றே பெயர்பெற்ற மரம் ஒன்றும் உண்டு. பிற மரஞ்செடிகள் மூச்சடக்கிக் கிடக்கும் இக்கடும் வெயிலில்தான் அதன் மஞ்சட்கனிகள் பழுத்து உதிர்கின்றன. பிள்ளைகள் அதனைப் பொறுக்கித் தின்று, ஒட்டும் உதடுகளோடு திரிகின்றனர். பாலையை ஏட்டில் மட்டும் படித்த எமக்கு அப்பழத்தின் இனிமை ஒரு புதுச்செய்தியாயிருந்தது.

வெயில் எல்லார் மீதும் விழுகிறது என்பது உண்மை. ஆயினும் எல்லார் மீதும் ஒரே வகையில் விழுவதில்லை என்பதை இரண்டு நாளில் கண்டுகொண்டோம். பெருங்குளத்தின் அணைக்கட்டுக்குக் கீழே, வாய்க்கால் நீர் பாயும் வயல்களுக்கு அருகே இருந்த வீடுகள் பழமையானவை. ஓட்டுக்கூரை, மாமரம், தென்னை, ஆடியிலும் நீர் வற்றாத கிணறு ஆகியவற்றோடு விளங்கின. எம் பெரிய தந்தையாரின் குடியிருப்போ குளத்தின் நீர் எட்டாத மேட்டில் இருந்தது. பின்னாளில் வந்து சேர்ந்தவர்களுக்கு மேட்டுநிலமே மீதியாய்க் கிடைத்தது. தகரக்கூரை, நிழலுக்கு நட்ட வேம்பு வளர்ந்து நிழல்தருமுன் போர் வந்து இருமுறை இடம்பெயர நேர்ந்தது, பொதுக்கிணறோ அரை மைலுக்கு அப்பால். அந்தக் கிணற்றில் நீரூறும்வரை பெண்கள் குடத்தோடு காத்திருக்கும் நேரத்தை வேலைநேரம் என்று எந்தக் கணக்கேடும் பதிந்ததில்லை.

ஒருநாள் மாலை வேம்படியில் அமர்ந்திருந்தபோது, இந்த வெயிலை எவ்வாறு இத்தனை ஆண்டு தாங்கினீர்கள் என்று கேட்டோம். அவர் சிரித்தார். "வெயிலு என்னா செய்யும் தம்பி? வெயிலு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். தண்ணிதான் ஆளுக்கு ஆளு வேற" என்றார். சற்று நேரங்கழித்து, "மலையில குளிருக்கு அடுப்பு இருந்திச்சு, நம்ம லயத்துக்குப் பட்டா இல்ல. இங்க பட்டா இருக்கு, பட்டாவுக்குத் தண்ணி இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் பள்ளியில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. வானிலை குறித்து நாம் வாசித்த கட்டுரைகள் பலவும் இந்த இரண்டு வாக்கியங்களின் எல்லையை எட்டவில்லை.

நாம் வவுனியாவுக்குப் போன அதே வழிதான், திசை மட்டும் மாறி, எம் மூதாதையர் மலைக்கு வந்த வழி. 1914ஆம் ஆண்டு தலைமன்னார்வரை புகையிரதம் வருமுன், பாம்பனிலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் தோணியேறியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். நீரற்ற காடு, காய்ச்சல், வாந்திபேதி. இழுத்துச் செல்லும் கங்காணி கையில் துண்டு. நடப்பவன் தலையில் கடன். நடக்கமாட்டாதவர் வழியோரத்தில் விடப்பட்டனர். அவர்களின் எண்ணிக்கையை முறையாகப் பதிந்து வைக்கும் தேவை கோப்பித் தோட்டத்து முதலாளிக்கும் இருக்கவில்லை. குடியேற்ற அரசுக்கும் இருக்கவில்லை. ஹட்டனுக்குப் புகையிரதம் வந்தது 1884இல். தேயிலை கீழே இறங்குவதற்கே அது முதலில் தேவைப்பட்டது.

அவர்களைக் கிளப்பியது எது? பாடநூல்கள் பஞ்சம் என்று ஒரு சொல்லில் முடிக்கின்றன. அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகள் மேற்குமலைத் தொடரின் மழைமறைவில் கிடப்பவை. தென்மேற்குக் காற்று சேரநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு அங்கே வெறுங்கையோடு இறங்குகிறது. எம் மலைக்கும் வன்னிக்கும் உள்ள உறவே அங்கும் உள்ளது. சித்திரை வைகாசியில் உள்நாட்டு ஊர்களில் வெப்பம் 40 பாகையை எட்டும். கத்திரி வெயில் என்பர் மக்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் தரும் மழையைக் கண்மாய்களில் தேக்கி, அதைக் கொண்டு ஓராண்டைக் கடத்தவேண்டும். அந்த மழை பொய்த்தால் அடுத்த வெயிலைத் தாங்க ஏதுமில்லை.

1876ஆம் ஆண்டில் அது பொய்த்தது. மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என நினைவிற் கொண்டனர். அடுத்த ஆண்டும் வானம் இரங்கவில்லை. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறும் எல் நினோ என்னும் நிகழ்வு அவ்வாண்டுகளில் மிகக் கடுமையாய் இருந்தது என்பதை இன்றைய அறிவியல் கூறுகிறது. இது இயற்கை. இதற்குப் பின் நடந்தவை இயற்கையல்ல. 1877 ஜனவரி முதலாம் நாள் டில்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழாவை லிட்டன் பிரபு நடத்தினார். அதே மாதத்தில் அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து, நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதுமெனக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாதென்று மாகாணத்தின் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் எதிர்த்து வாதாடினார். இந்நாட்களிலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. மைக் டேவிஸ் என்னும் வரலாற்றாசிரியர் 2001இல் வெளியிட்ட நூலொன்றில், எல் நினோவையும் பேரரசின் சந்தைக் கொள்கையையும் அருகருகே வைத்து இதனை ஆராய்ந்துள்ளார். உணவு இல்லாமையும் உணவைப் பெறும் வகை இல்லாமையும் வேறுவேறு என அமர்த்தியா சென் 1981இல் நிறுவியதும் இங்கே நினைக்கத்தக்கது.

அந்தப் பஞ்ச ஆண்டுகளில் இலங்கைக்கு வந்திறங்கியவர் தொகை பெருகியது. வெயில் ஒருபுறம் துரத்த, துண்டு மறுபுறம் இழுத்தது. வெயிலுக்கும் துண்டுக்கும் இடையில் எம் மூதாதையருக்கு எவ்வளவு விருப்பச் சுதந்திரம் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விடத்தில் எம் பழந்தமிழ்ப் பாடத்தை மீண்டும் எடுத்துக்கொள்வோம். ஐந்திணைகளுள் பாலைக்கு மட்டும் தொல்காப்பியம் தனிநிலம் வகுக்கவில்லை. வேனிலும் நண்பகலுமே அதன் பொழுதுகள். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடும்போது பாலை தோன்றுகிறது என்ற கருத்தைச் சிலப்பதிகாரம் தருகிறது. பாலை நிலமன்று, ஒரு நிலை. அதன் உரிப்பொருள் பிரிவு. பிரிவுகளுள் தலையாயது பொருள்வயிற் பிரிவு. சங்கத் தலைவன் பொருள் தேடி வெங்காட்டைக் கடக்கிறான். தலைவி வீட்டிலிருந்து ஏங்குகிறாள். கார்காலத்தில் அவன் மீண்டு வருவான் என்னும் நம்பிக்கை பாட்டுக்கு உயிராய் நிற்கிறது.

எம் மூதாதையரும் பொருள்வயிற் பிரிந்தவர்களே. ஆனால் வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். அவர்கள் தேடியது பொருளன்று, சோறு. கோப்பிக் காலத்தில் பருவம் முடிந்ததும் திரும்பியவர் உண்டு. ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்கும் தேயிலை வந்தபின், பெண்டு பிள்ளைகளோடு வந்து தங்கியோரே மிகுதி. தலைவியும் உடன் நடந்தாள், குழந்தையையும் சுமந்தாள். கார்காலம் வந்தது, மீட்சி வரவில்லை. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவளின் கதையைக் கூறுகிறது. பாலைத்திணையின் புதிய உரைநடை அதுவென்றே மாணாக்கர்க்கு அறிமுகஞ் செய்வது எம் வழக்கம்.

மீட்சி ஒருவகையில் பின்னர் வந்தது. அது இவர்களைக் கேளாமல் வந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாய்ப் பிரித்துக்கொண்டன. பனியிற் பிறந்து பனியில் வளர்ந்தவர்கள், பாட்டன் ஓடிவந்த அதே கத்திரி வெயிலுக்குத் தாயகம் என்ற பெயரில் திருப்பி அனுப்பப்பட்டனர். நீலகிரியின் குளிருக்குச் சென்றவர் சிலர். திருச்சி, புதுக்கோட்டைச் சமவெளிகளில் விடப்பட்டவர் பலர். எம் குடும்பத்திலும் அவ்வாறு சென்ற ஒரு கிளை உண்டு. அவர்கள் எழுதிய பழைய கடிதங்களில் முதல் வரியில் நலம் விசாரிப்பும் இரண்டாம் வரியில் வெயிலும் தவறாமல் இருக்கும்.

வெயிலும் மழையும் எவர் கையிலும் இல்லை, அதற்குச் சமுதாயத்தை நோவது எதற்கு என்று கேட்போர் உளர். இக்கேள்வியை நாம் இகழவில்லை. ஆனால் வறண்ட நிலத்தில் வாழ்ந்த மக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்ததில்லை என்பதற்கு வன்னியின் ஒவ்வொரு குளமும் இராமநாதபுரத்தின் ஒவ்வொரு கண்மாயும் சாட்சி. பெயர் தெரியாத மண்வெட்டிக்காரர் ஆயிரமாயிரம் பேர் சேர்ந்து, மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாத வாழ்வாக மாற்றக் கற்றிருந்தனர். மேற்கே வீணாய்க் கடலுக்குச் சென்ற பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்ப முடியும் என்பதை 1895இல் நிறைவேறிய அணை மெய்ப்பித்தது. மனிதன் நிழலை நடமுடியும், நீரைத் தேக்கமுடியும், வேலைநேரத்தை மாற்றமுடியும். இவை செய்யப்படாத இடத்தில் வெயிலைக் குற்றஞ்சாட்டுவது, பூட்டிய களஞ்சியத்தின் முன் நின்று பசியைக் குற்றஞ்சாட்டுவதற்கு ஒப்பாகும்.

இவையெல்லாம் சமவெளியின் கதை, மழைநாட்டில் எமக்கென்ன என்று எம்மவர் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. மலையகத்துக்கும் ஒரு வறள்காலம் உண்டு. தை பிற்பகுதி முதல் பங்குனி வரை மேற்குச் சரிவில் மழை அருகும். நுவரெலியாப் பக்கத்தில் இரவிற் படியும் உறைபனி கொழுந்தைக் கருக்கும். பகலில் மேகமற்ற வானத்து வெயில் எஞ்சியதை வாட்டும். பீலியில் கைவிரல் பருமனில் விழுந்த நீர் நூலிழையாய்ச் சுருங்கும். பெரட்டுக்குப் போகுமுன் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பர். லயத்துத் தகரம் நண்பகலில் தொட முடியாமற் கொதிக்கும்.

அக்காலத்தில் தேயிலைச் செடியில் கொழுந்து இராது. ஆனால் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்னும் கணக்கு இருக்கும். கணக்கு நிறையாவிடின் அரைப்பேர். 2021ஆம் ஆண்டு, நெடுங்காலப் போராட்டத்தின் பின், நாட்சம்பளம் 1,000 ரூபா என்றானது. அந்த ஆயிரம் முழுதாய்க் கைக்கு வர முழுப்பேர் விழவேண்டியிருந்தது. எம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் மாசி மாதத்தில் இருபது நாள் மலைக்குப் போய்ப் பதினொரு நாள் அரைப்பேர் வாங்கியதை நாம் அறிவோம். பெய்யாத மழைக்குத் தண்டம் கட்டியவள் அவளே. 2015இல் ஏறத்தாழ 33 கோடி கிலோவாயிருந்த இந்நாட்டுத் தேயிலை விளைச்சல் 2016இல் 30 கோடிக்குக் கீழே இறங்கியதற்கு வறட்சியும் ஒரு காரணம். அந்த இறக்கத்தைச் சந்தை அறிக்கைகள் கிலோவிற் கூறின. லயங்கள் அதனை அரைப்பேரில் அறிந்தன.

வருங்காலம் இதனிலும் கடுமையானது. 2024ஆம் ஆண்டு, அளவீடு தொடங்கிய காலம் முதல் மிக வெப்பமான ஆண்டு என உலக வானிலை அமைப்பு அறிவித்தது. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட உலகின் சராசரி வெப்பம் அவ்வாண்டில் ஏறத்தாழ 1.55 பாகை உயர்ந்திருந்தது. இந்தச் சூட்டை மூட்டியவை பெருந்தொழில் நாடுகளின் புகைபோக்கிகள். கொழுந்துக்கூடை புகை விடுவதில்லை. ஆயினும் அதைச் சுமப்பவளே முதலிற் சுடப்படுகிறாள். குறிஞ்சி தன் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று பழம்புலவர் கற்பனையாய்க் கண்டதை எம் பீலிகள் இன்று கண்கூடாய்க் காட்டத் தொடங்கியுள்ளன.

செய்யத்தக்கது என்ன? கேரளத்தில் கோடை மாதங்களில், வெளியில் உழைப்போர்க்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்கும் ஆணையைத் தொழிலாளர் துறை வழமையாக வெளியிடுகிறது. எம் இளைஞர் கூலிக்குச் செல்லும் கட்டார் நாட்டிற்கூட, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஜூன் முதலாம் நாள் தொடங்கிச் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலை தடுக்கப்பட்டுள்ளது. எண்ணெய் முதலாளிகளிடமிருந்தே போராடிப் பெறக்கூடியதை எம் தோட்டங்களிலும் வன்னி வயல்களிலும் பெற இயலாதா? வறள்காலத்தில் கிலோக் கணக்கைத் தளர்த்துதல். மலையில் குடிநீரும் நிழற்கொட்டிலும் அமைத்தல். பீலி ஊற்றுகளுக்கு மேலுள்ள காட்டை வெட்டாமற் காத்தல். குடியேற்றக்காரர்க்குப் பட்டாவோடு குளத்து நீரிலும் பங்களித்தல். இவற்றுள் எதுவும் வானத்தை மாற்றும் வேலையன்று. மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதர் மாற்றும் வேலையே.

ஆசிரியராகிய எமக்கும் ஒரு பங்குண்டு. பாடசாலைதோறும் ஒரு வெப்பமானியும் ஒரு மழைமானியும் வாங்குவது பெருஞ்செலவன்று. மாணாக்கரே நாள்தோறும் அளவைப் பார்த்து ஒரு கொப்பியில் பதியலாம். திகதி, வெப்பம், மழை என மூன்று நிரல் போதுமென அறிவியல் பாடம் கூறும். நாம் எம் பிள்ளைகளிடம் மேலும் மூன்று நிரல் இடச்சொல்லியிருக்கிறோம்: வீட்டுக்குத் தண்ணீர் வந்த நேரம், அம்மா எடுத்த கொழுந்து எத்தனை கிலோ, முழுப்பேரா, அரைப்பேரா. ஆறு பருவமும் ஒருமுறை சுழன்று வந்தபின், சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கத்தார் கையில் அந்தக் கொப்பியின் படியொன்றைக் கொடுக்க எண்ணியுள்ளோம்.